பெலோ அம்மா வைத்த எதிர்த்தீ

செலோக்வே
11 ஜூலை 1976

பெலோ அப்பாவுக்கு,

உங்கள் கூரைப்புல்லை நான்தான் கொளுத்தினேன். வேறு யாராவது எழுதி உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அடுப்புப் பொறி பறந்து பற்றியது என்று பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். வேண்டாம். தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்துபோய், குனிந்து, நானே வைத்தேன். இரண்டு வருடமாக ஆடுமாடு வாய் வைக்காமல் முள்வேலி போட்டு நீங்கள் காத்த புல் முழுவதும் அரை மணி நேரத்தில் போய்விட்டது.

நடந்ததைக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

இந்த வருட மழை எப்படிப் பிடித்தது என்று ஜனவரியில் கிளம்பும்போதே பார்த்தீர்கள். நீங்கள் போன பிறகும் மூன்று மாதம் விடவில்லை. மணல் கண்ணில் படாத அளவுக்குப் புல். நம் செவலைப் பசு மேய்ந்தால் கொம்பு மட்டும்தான் வெளியே தெரியும். ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். பிறகு மழை நின்றது, பனி கொட்டியது, அவ்வளவு புல்லும் காய்ந்து சருகாகிவிட்டது. கான்சி சாலையில் வரும் லாரிகளின் அடியில் புல் அடைத்துக்கொண்டு புகைகிறது. டிரைவர்கள் அடிக்கடி இறங்கிக் குச்சியால் நோண்டி எடுக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை மாடு ஏற்ற வந்த ஒருவன் நோண்டவில்லை.

காலை பத்து மணிக்கு மேற்கே புகை தெரிந்தது. பதினொன்றுக்குச் சத்தமே கேட்டது. மேற்கிலிருந்து வருகிற தீ ஊருக்குள் நுழைய ஒரே வழி உங்கள் புல். அதை ஒட்டி நம் வீடு, அடுத்து ரெபெக்கா வீடு, அப்புறம் எல்லாம் வரிசையாக.

மாட்டுப்பட்டியில் வேலை செய்கிற குடும்பத்துக் கைகாவை உங்களுக்குத் தெரியும். அவள்தான் வந்து என் கையைப் பிடித்தாள்.

"காத்து இப்ப நின்னிருக்கு. மறுபடி எழும்புறதுக்குள்ள அந்தப் புல்லு எரிஞ்சு முடிஞ்சிருக்கணும். வர்ற தீக்குத் திங்க ஒண்ணும் இருக்கக் கூடாது."

"அது என் வீட்டுக்காரர் புல்லுடி."

"அப்ப அவரே வந்து அணைக்கட்டும். எப்ப வர்றாரு?"

"செப்டம்பர்ல."

அவள் சிரித்துவிட்டாள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பதினாறு பெண்கள் ஈரச் சாக்கும் பச்சைக் கிளையுமாக நம் வீட்டுப் பக்கம் வரிசையாக நின்றுகொண்டார்கள். நான் வைத்தேன். எங்கள் தீ மேற்கே நகர்ந்து போய் வந்த தீயை முட்டியது. இரண்டும் படுத்துவிட்டன.

"நான் இல்லாட்டி இந்த வீடு என்னாகும்னு பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் நீங்கள் சுரங்கத்துக்கு லாரி ஏறினீர்கள். போக வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அந்தப் பதில். ஆறு மாதமாகக் கடிதமும் இல்லை. பார்த்தேன், எழுதுகிறேன்: வீடு இருக்கிறது. பெலோ நான்காம் வகுப்பில் முதலாவதாக வந்தாள். துசோவுக்குக் கடைவாய்ப் பல் வந்துவிட்டது.

ஒனலெனா

*

ஜோகன்னஸ்பர்க்
சுரங்கத் தொழிலாளர் விடுதி, அறை 14
2 ஆகஸ்ட் 1976

ஒனலெனா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்தபோது வாய்விட்டுக் கத்திவிட்டேன் போல. அறையில் இருந்த பதினொரு பேரும் என்ன என்ன என்று கேட்டார்கள். சொல்லித் தொலைத்தேன். இப்போது ஷிப்டு முடிந்து மேலே வரும்போதெல்லாம் ஒருவன் தீப்பெட்டியை நீட்டி, "திரோ, வீட்டுக்கு அனுப்பணுமா?" என்கிறான்.

அந்தப் புல் எதற்கென்று உனக்குத் தெரியாதா? புது வீட்டுக்குச் செங்கல் சுவர் எழுப்பி மூன்று வருடம் ஆகிறது. மேலே வானம்தான் கூரை. இந்த முறை வந்ததும் வேய்ந்து, ஊரைக் கூப்பிட்டு ஆடு அடிக்கலாம் என்று பூமிக்கு அடியில் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தீ முன்னால் நிற்கும்போது எப்படிக் கேட்பாய் என்பாய். எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

இனிமேல் தீ வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கான்சியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடு. தீயோடு சண்டை போடுவது ஆண்கள் வேலை. அதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நீ சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாய் என்று ஊரில் பேசினால் எனக்குத்தான் அவமானம்.

கடிதம் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. முதல் மாதம் கோபம். அப்புறம், இத்தனை நாள் எழுதவில்லையே, இப்போது என்னவென்று எழுதுவது என்ற கூச்சம். அப்படியே நாள் போய்விட்டது.

வெறுங்காலோடுதான் நின்றாயா? அதை மட்டும் நீ எழுதவில்லை.

கெட்ஸோ என்று ஒருவன் ஒப்பந்தம் முடிந்து நம் ஊர்ப் பக்கம் வருகிறான். அவனிடம் என் பழைய சுரங்க பூட்ஸைக் கொடுத்தனுப்புகிறேன். முன்பக்கம் இரும்பு வைத்தது. இதைப் போட்டுக்கொண்டு தீயணைக்கப் போ என்று அர்த்தம் இல்லை. வீட்டில் இருக்கட்டும்.

செப்டம்பர் பதினைந்து வாக்கில் வந்துவிடுவேன்.

திரோ

*

செலோக்வே
29 ஆகஸ்ட் 1976

பெலோ அப்பாவுக்கு,

பூட்ஸ் வந்து சேர்ந்தது. முன்னால் பழந்துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டால் சரியாக இருக்கிறது. வீட்டில்தான் இருக்கிறது, நான் வெளியே போகாத நேரத்தில்.

ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தீர்கள். எந்த ஆண்கள்? விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். தலைவர் மொலேபத்சிக்கு இடுப்பு வலி, எழுந்து நிற்கவே இரண்டு பேர் வேண்டும். பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறார். நல்லவர், புகை பட்டால் மூச்சு முட்டும். கெனோசி இருக்கிறார், தன் பட்டியைத் தவிர எதையும் பார்க்க மாட்டார். மற்ற எல்லாரும் உங்களைப் போலச் சுரங்கத்தில். அறை 14-ல் பதினொரு பேர் சிரித்தார்கள் என்றீர்களே, அவர்கள் வீடுகளில் இப்போது யார் சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

போன வாரம் வந்தது ஜூலைத் தீயைப்போல நான்கு மடங்கு. புல்லே முளைக்காத வெள்ளைப் படுகைக்கு அந்தப் பக்கம் மூன்று நாள் எரிந்தது. கழுதை வண்டியில் தண்ணீர் டிரம்மை ஏற்றிக்கொண்டு போனோம். விடியற்காலையில் காற்று படுத்திருக்கும்போது அடிப்போம், வெயில் ஏறினால் விலகிவிடுவோம், சாயங்காலம் மறுபடி. கைகா வானத்தைப் பார்த்து "இப்ப", "இப்ப வேணாம்" என்பாள். அவள் சொன்னது ஒருமுறைகூடத் தப்பவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டால், "பருந்தைப் பாரேன். தீ எந்தப் பக்கம் வருதோ அதுக்கு முன்னாடி போய் எலிக்குக் காத்திட்டிருக்கு. அதுக்குத் தெரியுது, உனக்குத் தெரியலையா?" என்கிறாள்.

மூன்றாம் நாள் மாவட்டத்திலிருந்து ஒரு லாரியில் அதிகாரி வந்து இறங்கினார். மொருப்பிசி என்று பெயர். பாவம், சலவைச் சட்டை. தீ அணைந்திருந்தது. நாங்கள் கரி பூசிக்கொண்டு மரத்தடியில் காட்டுத் தர்பூசணியை உடைத்துத் தின்றுகொண்டிருந்தோம்.

"இங்க பொறுப்பு யாரு?" என்றார்.

கைகா அவருக்கும் ஒரு துண்டு தர்பூசணியை நீட்டினாள்.

"ஆம்பளைங்க எங்கம்மா?"

ரெபெக்கா சொன்னாள்: "ஜோகன்னஸ்பர்க்ல, ஐயா. பூமிக்கு அடியில. கூப்பிட்டா கேக்காது."

"அப்ப இவ்வளவு நீளத்துக்குத் தீத்தடுப்புக் கோடு போட்டது?"

எல்லாரும் சேர்ந்து என்னை முன்னால் தள்ளினார்கள். என் காலில் உங்கள் பூட்ஸ். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கோட்டின் முனையிலிருந்து முனைவரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். கைகாவின் பெயரைக் குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தார். அவள் பெயரில் நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம் வரும், தெரியுமல்லவா? நான்கு முறை முயன்றார். ஐந்தாம் முறை கைகாவே, "விடுங்க ஐயா, நாக்கு சுளுக்கிக்கும்" என்றாள்.

கிளம்பும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மழை வரும்வரை சாலையோர ஊர்களுக்கெல்லாம் போய் வேலை செய்ய ஒரு குழு சேர்க்கிறார்களாம். "எட்டுப் பேரை நீயே பொறுக்கு. தலைமை நீதான். லாரி, சாப்பாடு, கூடாரம் எங்க பொறுப்பு. வர்றியா?"

வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்தது. உங்களுக்குக் கடிதம் போய், பதில் வர ஐந்து வாரம். அதற்குள் பாதி மாவட்டம் சாம்பலாகிவிடும்.

இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்று சொல்லியனுப்பிவிட்டேன். கூப்பிடும்போது போக வேண்டும். ரெபெக்காவுக்குக் கைக்குழந்தை இருப்பதால் அவள் வரவில்லை. பிள்ளைகளை அவள் பார்த்துக்கொள்வாள். கேட்காமல் செய்த இரண்டாவது காரியம் இது. முதலாவதற்கு வருத்தம் கொஞ்சம் உண்டு. இதற்கு இல்லை.

ஒனலெனா

*

செலோக்வே
19 செப்டம்பர் 1976

ஒனலெனா,

வந்துவிட்டேன். நீ இல்லை.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, புதுத் தொப்பியோடு, முற்றத்தில் வந்து நின்று "மா-பெலோ" என்று கூப்பிட்டேன். ஆடு எட்டிப் பார்த்தது. ரெபெக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "அவங்க வேலைக்குப் போயிருக்காங்க" என்றாள். ஒன்பது மாதம் கழித்து வருகிற மனுஷனிடம் சொல்கிற வார்த்தையா இது? போய் ஒரு வாரம் ஆகிறதாம். நீ எனக்கு எழுதினாயாம். அந்தக் கடிதம் இப்போது அறை 14-ல் என்னைத் தேடிக்கொண்டிருக்கும்.

துசோவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. இரண்டு நாள் என்னைக் கண்டாலே பானைக்குப் பின்னால் ஒளிந்தான். களி கிண்டினேன், அடிப்பிடித்தது. பெலோ ஒன்றும் சொல்லாமல் தின்றாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. செவலைப் பசு கறக்க விடமாட்டேன் என்கிறது. உப்பு எங்கே வைத்திருக்கிறாய்? துசோ தூங்கும்போது என்ன பாட்டுப் பாடுவாய்? பெலோவுக்குத் தெரிந்த பாட்டு அது இல்லையாம்.

தண்ணீர் லாரி உன் முகாமுக்குப் போகிறது என்றார்கள். அதில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எப்போது வருகிறாய்?

திரோ

*

முகாம், கான்சி சாலை
24 செப்டம்பர் 1976

பெலோ அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை முகாமில் சத்தமாகப் படித்துவிட்டேன். மன்னியுங்கள். ஆடு எட்டிப் பார்த்த இடத்தில் கைகா சிரித்துச் சிரித்துக் கூடாரக் கயிற்றில் தடுக்கி விழுந்தாள்.

உப்பு, அலமாரியில் நீல டப்பா. களிக்கு மாவை ஒரே தடவையில் கொட்டாதீர்கள். கொஞ்சம் போட்டு, கிண்டி, மறுபடி கொஞ்சம். செவலைக்குக் கன்றை முதலில் காட்ட வேண்டும். துசோவுக்குப் பாட்டு எதுவும் இல்லை. முதுகில் தட்டிக்கொண்டே அன்றைக்கு ஊரில் என்ன நடந்தது என்று சொல்வேன். யார் வந்தார்கள், எந்த லாரி மணலில் மாட்டியது, எல்லாம். பாதியில் தூங்கிவிடுவான். நீங்கள் சுரங்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அவனுக்கு இன்றில்லாவிட்டால் நாளை பிடிக்கும்.

எப்போது வருகிறாய் என்று கேட்டீர்கள். மழை எப்போது வருகிறதோ அப்போது. ஒன்பது மாதம் நீங்கள் இல்லாமல் இருந்தேன். நீங்கள் ஒன்பது நாள்கூட முடிக்கவில்லை.

இதை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பயப்படாதீர்கள், முடிந்துவிட்டது. திங்கட்கிழமை நானும் கைகாவும் மற்றவர்களை விட்டுக் கொஞ்சம் முன்னால் போய்விட்டோம். காற்று சட்டென்று திரும்பியது. முன்னாலும் தீ, பக்கத்திலும் தீ. ஓடத்தான் கால் எடுத்தேன். கைகா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "ஓடாத. எரிஞ்ச இடத்துல போய் நில்லு." ஏற்கெனவே எரிந்து கருகிய திட்டு ஒன்று, நம் முற்றம் அளவுதான். அதற்குள் போக இரண்டு முழ அகலத் தீயைத் தாண்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தாண்டினோம். உள்ளே ஒரு ஆமை, இரண்டு மான்குட்டி, நாங்கள். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் யாரையும் கண்டு ஓடவில்லை. தரை கொதித்தது, உங்கள் பூட்ஸ் இல்லாவிட்டால் என் கால் போயிருக்கும். கைகா என் பூட்ஸ் மேல் ஏறி நின்றுகொண்டாள், நடனம் ஆடுவதுபோல இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு. தீ தாண்டிப் போன பிறகு இருவரும் உட்கார்ந்து அழுதோம். அப்புறம் காரணமே இல்லாமல் சிரித்தோம்.

அங்கே நிற்கும்போது உங்களிடம் சொல்லாமல் வந்தது நினைவுக்கு வந்தது. நல்லபடியாக முகம் பார்த்துச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அதுதான் என் வருத்தம், வந்தது இல்லை.

ஒனலெனா

*

செலோக்வே
2 அக்டோபர் 1976

ஒனலெனா,

இனிமேல் இப்படிப்பட்ட விஷயத்தைக் கடிதத்தின் தொடக்கத்தில் எழுது. உப்பு டப்பாவுக்குப் பின்னால் எழுதாதே. படிக்கும்போது கையிலிருந்த பால் சட்டி விழுந்து உடைந்தது.

முந்தாநாள் சுதந்திர தின விழா. நாடு விடுதலையாகிப் பத்து வருடம் என்று தலைவர் பெரிய மாடு அடித்தார். பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள், பெலோ முதல் வரிசையில். எனக்கு விருந்தில் நல்ல இடம் கொடுத்தார்கள். ஏன் என்று புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது; கான்சியிலிருந்து வந்த ஒருவரிடம் வாத்தியார் என்னை அறிமுகப்படுத்தினார்: "இவர்தான் மா-பெலோவோட வீட்டுக்காரர்." அந்த ஆள் எழுந்து நின்று இரண்டு கையாலும் கை குலுக்கினார். இத்தனை வருடம் சுரங்கத்திலிருந்து சட்டையும் ரேடியோவுமாக வந்தபோது ஒருவனும் எழுந்து நிற்கவில்லை.

முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. ஒளிக்க மாட்டேன். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வருகிற வழியில் என் புல் இருந்த இடத்தில் நின்றேன். இத்தனை நாளும் அந்தப் பக்கம் போகாமல் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். மழையே இல்லாமல் அங்கே பச்சை துளிர்த்திருக்கிறது, விரல் நீளம். ஊர் ஆடுகள் எல்லாம் அங்கேதான். அந்தக் கரி எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். நம் வீட்டுச் சுவரிலிருந்து ஏழு அடி. அளந்து பார்த்தேன்.

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. நீயும் எதிர்பார்க்க மாட்டாய். நேற்று எருதுகளைப் பூட்டி, ஊரின் தெற்குப் பக்கம் முழுதும் இரண்டு சால் உழுது வெறும் மண்ணாக்கிவிட்டேன். நாளைக்கு வடக்குப் பக்கம்.

துசோ நேற்று என் வயிற்றின் மேல் தூங்கினான். சுரங்கத்து லிஃப்ட் பிடித்திருக்கிறது அவனுக்கு.

திரோ

*

முகாம்
14 அக்டோபர் 1976

பெலோ அப்பா,

நேரம் இல்லை. லாரி நிற்கிறது. வடமேற்கிலிருந்து ஒரு தீ வருகிறது. நான் இந்த வருடம் பார்த்ததிலேயே பெரியது இதுதான். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு லாரியில் ஒரு மணி நேரம். நாங்கள் அதன் கிழக்கு முனையில் மாட்டியிருக்கிறோம். இங்கே இரண்டு ஊர்கள் இருக்கின்றன. செலோக்வேக்கு எங்களால் வர முடியாது. நாளை மறுநாள் அங்கே வந்துவிடும்.

இதை ஊர்க்கூட்டத்தில் படியுங்கள். மாடுகள் எல்லாம் வெள்ளைப் படுகைக்குப் போகட்டும். குழந்தைகளும் வயதானவர்களும் அங்கேயே. மணல் சாலையிலிருந்து தலைவருடைய மேய்ச்சல் நிலம் முழுவதையும் நீங்களே எரித்துவிட வேண்டும். சனிக்கிழமை விடியும்போது, காற்று எழும்பும் முன். ஜூலையில் என்னோடு நின்ற பெண்களைச் சாலையில் நிறுத்துங்கள். அவர்களுக்கு வேலை தெரியும். ஆண்கள் அவர்கள் சொல்வதைக் கேட்கட்டும். பாதி எரித்துவிட்டுப் போதும் என்று யாராவது சொன்னால் நிறுத்தாதீர்கள்.

துசோ சளியோடு இருந்தால் மூக்கைத் துடைத்துவிட்டு, நெஞ்சில் துணி சுற்றிக் கூட்டிப் போங்கள்.

பிள்ளைகளை விட்டுவிட்டு நீங்கள் தீக்குப் போவது எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் போங்கள்.

ஒனலெனா

*

செலோக்வே
18 அக்டோபர் 1976

ஒனலெனா,

உன்னிடம் நான் கேட்டதை நானும் செய்கிறேன், முதலில் முதல் விஷயம்: பெலோ, துசோ, ஊர், எல்லாரும் நலம். ஒரு உயிர்கூடப் போகவில்லை. இனி நிதானமாகப் படி.

வெள்ளிக்கிழமை காலை உன் கடிதம் வந்தது. கூட்டம் கூட்டச் சொன்னேன். நடுவில் நின்று நீ எழுதியதை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். அவசரத்தில் துசோவின் மூக்கையும் சேர்த்துப் படித்துவிட்டேன். கூட்டம் முழுதும் சிரித்தது. அதற்கப்புறம் மேய்ச்சல் நிலம் பற்றி யாரும் சிரிக்கவில்லை.

கெனோசி எழுந்தார். "பொண்டாட்டி சொன்னான்னு தலைவரோட மேய்ச்சலக் கொளுத்தச் சொல்றான். டேய் திரோ, சுரங்கத்துல கல்லு தலையில விழுந்துருச்சா?"

"விழுந்துச்சு மாமா. அதுக்கப்புறம்தான் புத்தி வந்துச்சு" என்றேன்.

"இந்தப் பக்கம் தீ வராமலே போச்சுன்னா? எரிச்ச புல்லை நீ முளைக்க வைப்பியா?"

எனக்கும் அதே பயம்தான். வராமல் போனால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? ஆனால் நாக்கு தானாகப் பேசியது. "ஜூலையில கொளுத்தட்டுமான்னு அவ என்கிட்ட கேக்கல. கேட்டிருந்தா நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். நான் வேணாம்னு சொல்லியிருந்தா இன்னிக்கு நீங்க உக்காந்திருக்கற இந்த இடமே கிடையாது மாமா. எரிஞ்சது என் புல்லு. ரெண்டு மாசம் கத்தினேன். இப்ப நானே சொல்றேன், கொளுத்துங்க."

தலைவர் கைத்தடியை ஊன்றினார். பிறகு இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "என் மாட்டுக்கு நான் வேற எடம் பாத்துக்கறேன். தீப்பெட்டி யார்கிட்ட இருக்கு?"

சனிக்கிழமை விடியலில் மணல் சாலையில் நாற்பத்திரண்டு பேர் நின்றோம். ரெபெக்கா குழந்தையைப் படுகையில் தன் அத்தையிடம் விட்டுவிட்டு வந்து, எங்களை எல்லாம் பத்தடிக்கு ஒருவராக நிறுத்தினாள். வாத்தியார் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் கிளையை ஓங்கி அடித்தேன். பொறி பறந்து பின்னால் விழுந்தது. ரெபெக்கா என் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். "அண்ணே, பாம்பையா அடிக்கிறீங்க? அமுக்குங்க. போர்வை போத்தற மாதிரி." நாற்பது வயதில் தீயை அமுக்கக் கற்றுக்கொண்டேன்.

பாதி எரிந்ததும் கெனோசி போதும் என்றார். நீ எழுதியிருந்தாய் அல்லவா, ஒருவர் சொல்வார் என்று. நிறுத்தவில்லை. எட்டு மணிக்கெல்லாம் சாலைக்கு மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் கரி. வானம் நீலமாக, சுத்தமாக இருந்தது. ஒன்பதானது, பத்தானது. தீ வரவில்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எரிந்த தன் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒனலெனா, சுரங்கத்தில் இரண்டு முறை மேல்பாறை சரிந்து உள்ளே மாட்டியிருக்கிறேன். அந்த மூன்று மணி நேரம் அதைவிடக் கஷ்டம். நீ ஜூலையில் தீப்பெட்டியோடு தனியாகக் குனிந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

பதினொன்றுக்குப் பருந்துகள் வந்தன. முதலில் இரண்டு, அப்புறம் இருபது. அதற்குப் பின்னால் புகை எழுந்தது, மலை மாதிரி. நடுப்பகலில் விளக்கு ஏற்ற வேண்டும்போல இருட்டிக்கொண்டு வந்தது. மூச்சு விட முடியாத சூடு. நேராக எங்கள் மேல் வந்தது. கரியின் விளிம்பில் முட்டி நின்றது. அங்கேயும் இங்கேயும் நீட்டி நீட்டிப் பார்த்தது. தின்ன ஒன்றும் இல்லை. அரை மணியில் தரையோடு தரையாகிவிட்டது. வடக்கு முனையில் மட்டும் ஒரு நாக்கு தாண்டி கெனோசியின் காலிப் பட்டியைப் பிடித்தது. வேலி போனது, மாடெல்லாம் படுகையில் இருந்ததால் தப்பின. என் இரண்டு புருவமும் போய்விட்டன. பெலோ என்னை முட்டை என்கிறாள்.

பெண்கள்தான் முதலில் பாட ஆரம்பித்தார்கள். அப்புறம் எல்லாரும். கரியில் ஆடினோம், காலைத் தூக்கித் தூக்கி வைக்க வைக்கச் சாம்பல் இடுப்புவரை பறந்தது. கெனோசி தன் கொழுத்த ஆட்டை இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார். "மா-பெலோ வந்ததும் வெட்டலாம். அவளுக்குத்தான். உனக்குக் குடல்" என்றார்.

ஜனவரியில் சுரங்கத்துக்கு ஆள் எடுக்க வருவார்கள். என்னிடம் மறுபடி சேர்வதற்கான அட்டை இருக்கிறது, கூப்பிட்டால் போகலாம். போகப் போவதில்லை. மொருப்பிசி ஐயாவிடம் கேட்டுச் சொல்: உன் குழுவில் ஆண்களைச் சேர்ப்பார்களா? சுரங்கத்தில் பதினொரு வருட அனுபவம், களி நன்றாகக் கிண்டுவேன், தலைமை சொல்வதைக் கேட்பேன். கடைசி ஒன்று புதிது. நீயே பழக்கிக்கொள்ள வேண்டும்.

மழை வரும்வரை நீ அங்கேயே இரு. இங்கே நான் இருக்கிறேன்.

திரோ

*

கான்சி சாலை
9 நவம்பர் 1976

பெலோ அப்பாவுக்கு,

நேற்று மதியம் மூன்று மணிக்கு மழை பிடித்தது. கூடாரத்துக்குள் யாரும் ஓடவில்லை. ஒன்பது பேரும் வெளியே போய் வாயைத் திறந்துகொண்டு நின்றோம். மொருப்பிசி ஐயா சட்டையோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டார். கைகா அவர் தோளைத் தட்டி, என் பேரை இப்பச் சொல்லுங்க பாப்போம் என்றாள். அவர் நாக்கைச் சொடுக்கிச் சரியாகவே சொல்லிவிட்டார். இத்தனை மாதம் தனியாகப் பழகியிருக்கிறார் மனிதர்.

உங்கள் விண்ணப்பத்தை அவரிடம் கொடுத்தேன். அடுத்த மே மாதம் இரண்டு குழுவாம். ஆண்களையும் சேர்ப்பார்களாம். "ஆனா புருஷனும் பொண்டாட்டியும் ஒரே குழுவா? சண்டை வராதா?" என்று கேட்டார். வரும் என்று சொல்லி, உங்கள் பெயரை என் குழுவில் எழுதச் சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை எந்த டிரைவரிடமும் கொடுத்தனுப்பப் போவதில்லை. லாரியின் முன் இருக்கையில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டு வருகிறேன். எழுத்து ஆடுவது அதனால்தான். மூன்று இடத்தில் சக்கரம் மாட்டி, இறங்கித் தள்ளினோம். பின்னால் எல்லாரும் பாடுகிறார்கள். சாலையின் இரண்டு பக்கமும் கரிக்கு மேல் பச்சை.

இப்போது ஊர் தெரிகிறது. யாரோ ஒருவர் துசோவைத் தோளில் தூக்கிக்கொண்டு, பெலோவைக் கையில் பிடித்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் தொப்பிகூட இல்லாமல் சாலைக்கு ஓடி வருகிறார். டிரைவர் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுகிறான். நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன்.

ஒனலெனா